ஏரிக்குப் பட்டா வாங்கியவர்கள்

ஐப்பசி பிறந்து நாலு நாள் சேர்ந்தாற்போல மழை பெய்தால் போதும், சென்னைத் தொலைக்காட்சிகளுக்கு ஒரு சொல் கிடைத்துவிடும்: ஆக்கிரமிப்பு. கேமரா நேராகக் கூவம் கரைக்கும் அடையாற்றங்கரைக்கும் பக்கிங்காம் கால்வாய் ஓரத்துக்கும் போகும். முழங்கால் தண்ணீரில் பிள்ளையின் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணைக் காட்டுவார்கள். இரவு விவாதத்தில் ஒருவர், நீர்நிலைகளை ஆக்கிரமித்தவர்களை இரும்புக்கரம் கொண்டு அகற்றினால்தான் நகரம் பிழைக்கும் என்பார். அவர் வீடு எந்த ஏரிக்குள் இருக்கிறது என்று நெறியாளர் கேட்கமாட்டார். நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

அதற்காகவே சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பதினைந்து மாணவர்களோடு ஒரு நடை போனோம். வள்ளுவர் கோட்டத்தில் கிளம்பி, தி.நகர் வழியாக, சைதாப்பேட்டை எம்.சி.ராஜா விடுதி வரை. இதைப் படிக்கும் உங்களில் பலர் அந்த விடுதியில் தங்கிப் படித்தவர்கள். வழி சொல்லத் தேவையில்லை. நாங்கள் கையில் வைத்திருந்தது ஒரு பழைய சென்னை வரைபடத்தின் நகல். அதில் நாங்கள் நடந்த வழியெல்லாம் ஏரி.

நுங்கம்பாக்கத்தில் தொடங்கி மாம்பலம் வழியாகச் சைதாப்பேட்டை வரை சுமார் 6 கிலோமீட்டர் நீளத்துக்கு வில்லாக வளைந்து கிடந்த ஏரி அது. வெள்ளைக்காரர்கள் 'லாங் டேங்க்' என்றார்கள். நாம் நீண்ட ஏரி என்று வைத்துக்கொள்வோம். வடக்குப் பகுதிக்கு நுங்கம்பாக்கம் ஏரி என்றும் தெற்குப் பகுதிக்கு மயிலாப்பூர் ஏரி என்றும் பெயர். சென்னை நகரத்தின் மேற்கு எல்லையாகவே அது இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துரைமார்கள் அதில் படகுப் போட்டி நடத்தினார்கள். இன்று மிச்சமிருப்பது பெயர்ப் பலகைகள்தான். நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு, லேக் ஏரியா. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு. அந்த ரோட்டில் நின்று பார்த்தால் தெரிவது எதிர்வீட்டு பால்கனி.

எங்களோடு வந்த மாணவி ஒருவர் அங்கேதான் நின்றார். 2015 வெள்ளத்துக்குப் பிறகு சைதாப்பேட்டை அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குத் தூக்கிப் போடப்பட்ட குடும்பம் அவருடையது. "ஆத்தோரம் இருந்தோம்னுதான தோழர் எங்களைத் தூக்கினாங்க? இவங்க ஏரிக்குள்ளயே இருக்காங்களே?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்தான். நீளமான பதில், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். ஏரி என்பது தானாகத் தேங்கிய தண்ணீர் இல்லை. தமிழ்நாட்டின் ஏரி ஒவ்வொன்றும் கரை போட்டு, மதகு வைத்து, கலங்கல் கட்டி, வரத்துக்கால் வெட்டி மனிதர்கள் உண்டாக்கியது. யார் கட்டினார் என்று கேட்டால் கல்வெட்டில் ராஜா பெயர் இருக்கும். மண் சுமந்தவர் பெயர் இருக்காது. மதகைத் திறக்க, அடைக்க, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பங்கிட, கரையில் ஓட்டை விழுந்தால் நடுராத்திரியில் ஓட, நீர்க்கட்டி என்றும் நீர்காரர் என்றும் ஒருவர் இருந்தார். செங்கல்பட்டுச் சீமையில் அந்த வேலை பெரும்பாலும் சேரிக்காரர் தலையில்தான் விழுந்தது. கூலி, களத்தில் அளக்கும் சில மரக்கால் நெல். ஏரித் தண்ணீர் பாயும் வயலில் அவருக்கு ஒரு சென்ட் கிடையாது. ஊர்த்தெருக் குளத்தில் அவர் கை நனைக்க முடியாது. ஆனால் ஊரின் தண்ணீர் முழுக்க அவர் கையில்! சாதியின் கணக்கு இப்படித்தான் வேலை செய்யும்.

'குடிமராமத்து' என்ற சொல்லைக் கேட்டாலே சிலருக்குப் புல்லரிக்கிறது. 2017-இல் தமிழக அரசு அந்தப் பெயரிலேயே திட்டம் கொண்டுவந்தபோது, ஊரே கூடி ஏரியைத் தூர்வாரிய பொற்காலம் திரும்புவதாக எழுதினார்கள். ஊரே கூடியதா? 1858-இல் பிரிட்டிஷ் அரசு சென்னை மாகாணத்துக்கென்றே ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் போட்டது. கரை உடையும் ஆபத்து வந்தால் அக்கம்பக்கத்து உடல்வலுவுள்ள ஆண்களைக் கட்டாயமாக வேலைக்கு இழுக்கலாம் என்றது. எல்லா ஆண்களையுமா? உழைக்கும் வகுப்பினரை. மிராசுதார் வீட்டுப் பிள்ளை மண்வெட்டியோடு கரைக்கு ஓடினான் என்று யாரும் கற்பனை செய்ய வேண்டாம்.

நீண்ட ஏரிக்கு வருவோம். 1920-இல் சென்னை நகரத் திட்டமிடல் சட்டம் வந்தது. நகரம் பெருத்துக்கொண்டிருந்தது, வக்கீல்களுக்கும் அரசு உத்தியோகஸ்தர்களுக்கும் வணிகர்களுக்கும் காற்றோட்டமான வீடு வேண்டும். மாம்பலத்தில் ஏரியை வடித்து மனை போடுவது என்று முடிவானது. 1923–25 வாக்கில் உருவான அந்தக் குடியிருப்புக்கு நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரை வைத்தார்கள். தியாகராய நகர். நடுவில் முதலமைச்சர் பனகல் அரசர் பெயரில் பூங்கா. சுற்றிலும் உஸ்மான், நாயர், நடேசன், ஜி.என்.செட்டி, தணிகாசலம் என்று நீதிக்கட்சிக்காரர்களின் பெயர்களாகவே தெருக்கள். ஒரு கட்சியின் உறுப்பினர் பட்டியலைப் படிப்பதுபோல் இருக்கும்.

நீதிக்கட்சி நமக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. 'பறையர்', 'பஞ்சமர்' என்ற பெயர்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர் என்று எழுத வைத்த தீர்மானம் அந்தக் காலத்துச் சட்டமன்றத்தில்தான் நிறைவேறியது, கொண்டுவந்தவர் எம்.சி.ராஜா. ஆனால் 1921 புளியந்தோப்புக் கலவரத்தில் அந்தக் கட்சித் தலைமை யார் பக்கம் நின்றது என்பதைப் பார்த்து, 1923-இல் அதிலிருந்து வெளியேறியவரும் அதே எம்.சி.ராஜாதான். தி.நகருக்கு மனை அளந்த அதே ஆண்டுகள்.

இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1924 ஆகஸ்டில் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்தப் பொதுத்தெருவிலும் எந்தச் சாதியினரும் நடக்கலாம், பொது அலுவலகம், கிணறு, குளம் எதையும் பயன்படுத்தலாம், தடுக்கக்கூடாது என்று. தீர்மானம் நிறைவேறி அரசாணையும் ஆனது. மகத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அள்ளியது இதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1927 மார்ச் 20-இல். ஆக, பொதுக்குளத்தில் நமக்கும் பங்கு உண்டு என்று இந்த நகரத்தில் காகிதத்தில் எழுதிய நாட்களும், இந்த நகரத்தின் மிகப் பெரிய பொது ஏரியை வடித்து மனை போட்டு விற்ற நாட்களும் ஒன்று. பங்கு கேட்டு வாசலுக்கு வந்தபோது சொத்தையே விற்றுவிட்டார்கள்.

சரி, மனைதானே விற்றார்கள், காசிருந்தவர் வாங்கினார், இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்காக இன்னும் முப்பது ஆண்டு பின்னால் போகலாம். இடம் மாறவேண்டியதில்லை. நீண்ட ஏரியின் தென்கோடியிலிருந்த சைதாப்பேட்டைதான் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் தலைமையிடம். அந்த மாவட்டத்தின் கலெக்டர் பொறுப்பிலிருந்த ட்ரெமென்ஹீர், 1891-இல் அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலம் பற்றிப் பேசும் எவரும் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். 1892 அரசாணைக்கு அடிப்படை அந்த அறிக்கை. பலர் கவனிக்காமல் விடும் செய்தி ஒன்று அதில் இருக்கிறது. விவசாய நிலம் மட்டும் இல்லை, சேரியில் குடிசை நிற்கும் மண்கூட நம்முடையதாக இல்லை. அது மிராசுதாருடையது. கூலி அதிகம் கேட்டால், வேறு இடத்தில் வேலைக்குப் போனால், மதம் மாறினால், 'வீட்டைப் பிரித்துக்கொண்டு போ' என்று சொல்ல அவரால் முடிந்தது. தரிசு நிலத்துக்கு ஆதிதிராவிடர் மனுப் போட்டால் முதல் ஆட்சேபணை மிராசுதாரிடமிருந்து வரும்.

இப்போது யோசியுங்கள். ஒரு சமூகத்துக்குப் பல தலைமுறைகளாக வீட்டுமனைக்குக் காகிதம் கிடையாது. அது பிழைப்புக்கு நகரத்துக்கு வருகிறது. காகிதம் கேட்காத இடம் எது? ஆற்றோரம், கால்வாய்க்கரை, ஏரிப் புறம்போக்கு. அங்கே அது குடிசை போடுகிறது. நூறாண்டு கழித்து, 'உன்னிடம் காகிதம் இல்லை, நீ ஆக்கிரமிப்பாளர்' என்கிறார்கள். அந்தப் பக்கம் ஏரியின் நடுவயிற்றில் வீடு கட்டியவரிடம் பத்திரம் இருக்கிறது, பட்டா இருக்கிறது, வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக இருக்கிறது. தண்ணீருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. நீதிமன்றத்துக்குத் தெரியும்.

விடுதலைக்குப் பிறகாவது நிலை மாறியதா? நுங்கம்பாக்கம் ஏரியில் எஞ்சியதைத் தூர்த்து 1970களில் வள்ளுவர் கோட்டம் எழுப்பினார்கள். 39 மீட்டர் உயரக் கல்தேர். பிறப்பால் உயர்வு தாழ்வு பார்க்காதவர் என்று நாம் கொண்டாடும் வள்ளுவருக்கு, எல்லோருக்கும் பொதுவான ஒரு நீர்நிலையை மூடித்தான் நினைவிடம் கட்ட முடிந்தது! பிறகு வீட்டு வசதி வாரியம். முகப்பேரில் ஒரு பகுதியின் பெயரே 'ஏரித் திட்டம்'. பேருந்து நிறுத்தத்துக்கும் அதே பெயர். ஒளிவுமறைவே இல்லை, பாராட்ட வேண்டும். வேளச்சேரி ஏரியிலும் அரசின் குடியிருப்புத் திட்டங்களே பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. சென்னைக்கு வெளியே போனால், நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகளை விசாரிக்கும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நிற்பது உலகனேரிக் கண்மாயில். இதைச் சொல்வது நீதிமன்ற அவமதிப்பு ஆகாது என்றே நம்புகிறோம், நிலவியல் உண்மைதானே.

1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது சொன்ன வாக்கு, இருக்கும் இடத்திலேயே மாடிக் குடியிருப்பு என்பது. சில இடங்களில் அதைச் செய்தும் காட்டினார்கள். பின்னால் நகர நிலத்தின் விலை ஏறியது, வாக்கு இறங்கியது. 2000-இலிருந்து கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். கண்ணகி நகரில் முதலில் கட்டிய வீடுகள் 200 சதுர அடியைக்கூடத் தொடவில்லை. மூன்று இடங்களும் எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் பாருங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகள். தென்சென்னையின் பல ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் கடலுக்குப் போகுமுன் வந்து தங்கும் இடம்.

நீர்நிலையில் வாழ்வது உங்களுக்கு ஆபத்து என்று சொல்லித்தான் கரையோர மக்களை எடுத்தார்கள். எடுத்தவர்களைக் கொண்டுபோய் இறக்கியது நகரத்தின் ஆகப் பெரிய நீர்ப்பிடிப்பின் ஓரத்தில். 2015-இல் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் வெள்ளத்தில் மிதந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதே கதை. அங்கே இருப்போரில் பெரும்பாலோர் தலித்துகள். கூடவே மீனவர்களும் சிறுபான்மையினரும். அதே சதுப்பு நிலத்தில் நாட்டின் பெயர்பெற்ற ஆய்வு நிறுவனங்களும், பெருங்குடிக் குப்பைமேடும், பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களும் இருக்கின்றன. எஞ்சிய பகுதி 2022-இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சிதான். நாளைக்குச் சதுப்பு நிலத்தை மீட்கப் புறப்படும்போது முதல் நோட்டீஸ் கண்ணாடிக் கட்டடத்துக்குப் போகுமா, பெரும்பாக்கம் ஏ பிளாக்குக்குப் போகுமா என்பதை மட்டும் நினைத்துப் பார்க்கிறோம்.

2021 நவம்பரை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தி.நகர் மூழ்கியது. பல நாள் தண்ணீர் வடியவில்லை. வள்ளுவர் கோட்டம் அருகே தொடங்கி தி.நகர், நந்தனம் வழியாக அடையாற்றில் சேரும் மாம்பலம் கால்வாயில், ஸ்மார்ட் சிட்டி வேலை என்ற பெயரில் கொட்டிய கட்டடக் கழிவுதான் காரணம் என்று செய்திகள் வந்தன. ஏரி போய் நூறாண்டு ஆகப்போகிறது. தண்ணீர் இன்னும் பழைய பாதையிலேயே வந்து பழைய வீட்டைத் தேடுகிறது. அப்போது அரசு என்ன செய்தது? மோட்டார் பம்புகளைக் கொண்டுவந்தது. வடிகால் அமைக்கப் பணம் ஒதுக்கியது. அமைச்சர்கள் வந்து பார்த்தார்கள். செய்யவேண்டியதுதான், குறை சொல்லவில்லை. தி.நகரை இடித்து ஏரியை மீட்போம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம். அடையாற்றங்கரைக்கு 2015-இல் பம்பு வரவில்லை. லாரி வந்தது. தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போக.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடிக்க வந்தபோது, அங்கே வாழ்ந்த பெரியவர் ஒருவர் தனக்குத் தானே தீ வைத்துக்கொண்டு இறந்தார். அதன் பிறகுதான், அப்பகுதி மக்களுக்கு மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கமே வீடு தரப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. அருகிலேயே இடம் இருந்திருக்கிறது. ஓர் உடல் எரிந்தபிறகு அது கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

இனி, நம்மோடு நிற்கும் சூழலியல் நண்பர்களிடம் கொஞ்சம் பேச வேண்டும். உங்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போய் பிளாஸ்டிக் பொறுக்குகிறீர்கள், பறவை எண்ணுகிறீர்கள். நமது மாணவர்களும் வருகிறார்கள். நல்லது. ஏரி வேண்டாம் என்று சொல்லும் கூட்டம் அல்ல நாம். ஏரி இல்லாமல் போனால் முதலில் மூழ்குவதும் நம் வீடு, முதலில் காலிக்குடத்தோடு லாரிக்கு நிற்பதும் நம் வீட்டுப் பெண்கள். ஆனால் நீங்கள் எழுதும் மனுக்களைப் படிக்கிறோம். 'ஆக்கிரமிப்புகளை அகற்றுக' என்று ஒரே வரியில் முடிக்கிறீர்கள். அந்த வரி அலுவலகங்களுக்குள் போய் என்னவாக மாறும் என்று நீங்கள் யோசிப்பதில்லை. அதிகாரி பட்டியல் எடுப்பார். பட்டா உள்ள அடுக்குமாடி பட்டியலில் வராது. அரசுக் கட்டடம் வராது. கோயில் வந்தால் கலவரம் என்று விட்டுவிடுவார். மிஞ்சுவது குடிசை. நீங்கள் யாரையும் வெறுத்து எழுதவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் புல்டோசருக்கு உங்கள் மனதைப் படிக்கத் தெரியாது, மனுவைத்தான் தெரியும்.

குடிசை போனபிறகு ஏரி திரும்பியதா என்றும் போய்ப் பாருங்கள். பல இடங்களில் திரும்பியது வேலியும், நடைபாதையும், செல்ஃபி எடுக்க ஒரு வளைவும்தான். துணி துவைத்தவர், மாடு குளிப்பாட்டியவர், தூண்டில் போட்டவர் எல்லாம் வெளியே. காலை ஐந்தரைக்குக் காதில் ஒலிப்பான் மாட்டிக்கொண்டு நடப்பவர் உள்ளே. இதற்கு 'ஏரி மேம்பாடு' என்று பெயர்.

அப்படியானால் கரையோரக் குடிசைகள் அப்படியே இருக்கட்டும் என்கிறீர்களா என்று கேட்பார்கள். எங்களுக்குள்ளேயே இதில் சண்டை உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. ஆற்றின் வாயிலேயே பிள்ளைகளோடு படுத்துக்கிடப்பதை உரிமை என்று கொண்டாட முடியாது. வெள்ளம் வரும் இடத்திலிருந்து ஒரு குடும்பம் நகர வேண்டியிருந்தால், அது வேலைக்கும் பள்ளிக்கும் நடந்துபோகும் தூரத்துக்குள் நகரட்டும். நகரத்துக்குள் அரசிடம் நிலம் இல்லை என்ற பேச்சு பொய். மெட்ரோவுக்கும் வணிக வளாகத்துக்கும் கிடைக்கும் நிலம் வீட்டுக்கு மட்டும் ஏன் மறைகிறது? எடுப்பதற்கு முன்பே நகருக்குள் வீடு, குடும்பத் தலைவியின் பெயரில் பத்திரம், கல்வியாண்டின் நடுவில் இடிப்பு கூடாது: இந்த மூன்றில் சமரசம் இல்லை. நீர்நிலையை மீட்பதானால் பெரியதிலிருந்து தொடங்கட்டும். அரசுக் கட்டடம் முதலில், நிறுவனம் அடுத்தது, குடிசை கடைசி. இதுவரை வரிசை தலைகீழாகவே இருந்துவந்திருக்கிறது.

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் பகுதிக்கு நோட்டீஸ் வந்தால், உங்கள் சர்வே எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். அந்தக் கிராமத்தின் 'அ' பதிவேட்டையும் பழைய புல வரைபடத்தையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அந்த ஏரியின் மொத்தப் பரப்பு எவ்வளவு, அதில் எந்தெந்த எண் எந்த ஆண்டு, யார் உத்தரவால் வகைமாற்றம் செய்யப்பட்டது என்று எழுத்தில் வாங்குங்கள். அதை மனுவின் முதல் பக்கத்தில் வையுங்கள். நம் வீடுகள் அந்த ஏரியில் எத்தனை சென்ட், அவர்கள் கட்டடங்கள் எத்தனை ஏக்கர் என்று நீதிபதி ஒருமுறையாவது கூட்டிப் பார்க்கட்டும்.

நடை முடிந்து எம்.சி.ராஜா விடுதிக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பெரும்பாக்கத்து மாணவி சொன்னார்: சைதாப்பேட்டை வீட்டுக்குக் கட்டிய கரண்டு பில், வாக்காளர் அட்டை, பாட்டி காலத்து ரேஷன் அட்டை எல்லாவற்றையும் அவர் அம்மா ஒரு மஞ்சள் பையில் போட்டு, ஏழாவது மாடி வீட்டில் பரண்மேல் வைத்திருக்கிறாராம். லாரியில் ஏற்றும்போது பீரோவை விட்டுவிட்டு அந்தப் பையை எடுத்துக்கொண்டாராம். அதுபோன்ற பை அந்த பிளாக்கில் வீட்டுக்கு ஒன்று இருக்கும் என்றார்.

வரும் ஞாயிறு அங்கே உட்கார்ந்து அவற்றைப் பட்டியல் போடப் போகிறோம். எந்த ஆண்டு முதல் யார் எங்கே இருந்தார்கள் என்று ஒரு பதிவேடு. கையெழுத்து தெளிவாக உள்ளவர்கள் நாலைந்து பேர் வந்தால் நல்லது. லிஃப்ட் வேலை செய்யாது. தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டு வாருங்கள்.